வௌட்லாவுக்குப் போன வங்கிக்காரர்

மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து மலைகளில் இருக்கிறது வௌட்லா. மசாடெக் மக்களின் ஊர். பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே சீழ்க்கையாக்கி, மலைச்சரிவில் தூரத்தில் நிற்பவரோடு உரையாடத் தெரிந்தவர்கள். இவர்களுக்குக் காளான் போதைக்கானது இல்லை, மருத்துவம். நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க ராத்திரியில், இருட்டில், பாட்டோடு உண்பது.

1955 ஜூனில் நியூயார்க் வங்கியாளர் கோர்டன் வாசன் அந்தச் சடங்கில் கலந்துகொண்டார். நடத்தியவர் மரியா சபீனா. 1957ல் 'லைஃப்' இதழில் வாசன் கட்டுரை எழுதினார். சபீனாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் விஷயம் வெளியே தெரிந்துபோச்சு. அறுபதுகளில் வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினார்கள். பின்னாலேயே போலீசும் ராணுவமும் வந்தது. சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. 1985ல் வறுமையில்தான் இறந்தார்.

இதற்கிடையே 1958ல் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962ல் வாசனோடு வௌட்லா போய், அதை மாத்திரையாக சபீனாவிடமே கொடுத்தார். காளானின் சக்தி இதிலும் இருக்கு என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

வேதிப்பொருளை எடுத்துப்போக முடிந்தது. மசாடெக் மொழிப் பாட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியும் அந்த மாத்திரையில் கிடையாது. சபீனாவின் வருத்தமும் அதுதான்: வந்தவர்களில் யாருக்கும் நோயில்லை.

வௌட்லாவில் சடங்கு இன்னும் நடக்கிறது. போக நினைப்பவர்கள் கிளம்பும் முன்னாடியே யோசிக்கலாம், நமக்கு அங்கே என்ன நோய் தீரணும்னு.