டீகோ கார்சியா: ஒரு சட்டத்தின் வரலாறு

இந்துமகா சமுத்திரத்தின் நடுவே சாகோஸ் என்றொரு தீவுக் கூட்டம் உண்டு. அதன் பெருந்தீவு டீகோ கார்சியா. அங்குள்ள அமெரிக்கப் படைத்தளத்தைப் பற்றி நாம் பலகாலும் படித்திருக்கிறோம். ஆனால், அத்தளம் விரிவடைவதற்கு வழி திறந்த சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை ஆராய்ந்தோர் சிலரே. அதனை இங்கே சிறிது நோக்குவோம்.

சட்டத்தின் வழியாக ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாகாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் விதி. படைத்துறைக் கட்டடங்களுக்கு இருவகைச் சட்டங்கள் இயற்றுவது அந்நாட்டு வழக்கம். இன்ன இடத்தில் இன்ன பணி நடைபெறலாம் என அனுமதிப்பது ஒன்று. அதற்குரிய தொகையை ஒதுக்குவது மற்றொன்று. பிரதிநிதிகள் சபை, செனட் சபை ஆகிய இரண்டின் குழுக்களும் அதிகாரிகளை அழைத்து வினவுகின்றன. பின்னர்ச் சபைகள் வாக்களிக்கின்றன. இரு சபைகளின் வாசகங்களும் வேறுபடுமாயின், கூட்டுக் குழு கூடி அவற்றை ஒன்றாக்கும். ஜனாதிபதி ஒப்பமிட்டதும் மசோதா சட்டமாகும். அவர் மறுத்துத் திருப்பினால், இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் ஆதரித்தாலன்றி அது நிறைவேறாது.

1965-ல் பிரிட்டன், சாகோஸைத் தன் குடியேற்ற நாடாயிருந்த மொரீசியஸிலிருந்து பிரித்தது. 1966-ல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம், 50 ஆண்டுகளுக்குப் படைத் தேவைகளுக்காக அத்தீவுகளைப் பயன்படுத்த அமெரிக்காவுக்கு இணங்கியது. இதற்கு ஈடாக, போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை பிரிட்டனுக்கு மறைவாகக் கழிக்கப்பட்டது. நேராகப் பணம் கொடுப்பதாயின் காங்கிரஸிடம் கேட்க வேண்டுமல்லவா!

1970-ல் செய்தித் தொடர்பு நிலையம் ஒன்றுக்குக் காங்கிரஸ் இசைந்தது. 1971-ல் பணி தொடங்கிற்று. அவ்வாண்டே, இலங்கை முன்னின்று கொணர்ந்த தீர்மானத்தின் வழி, ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இந்துமகா சமுத்திரத்தை அமைதி மண்டலமாக அறிவித்தது. எனினும், 1974-ல் தளத்தை விரிவாக்கும் கோரிக்கை வந்தது. செனட்டர்கள் சிலர் ஐயுற்றனர். ஆகவே, அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: இப்பணி நாட்டு நலனுக்கு இன்றியமையாதது என ஜனாதிபதி சான்றளிக்க வேண்டும், அதன்பின் 60 நாட்களுக்குள் ஒரு சபையேனும் மறுப்புத் தீர்மானம் நிறைவேற்றினால் பணம் விடுவிக்கப்படாது.

1975 மே மாதம் ஜனாதிபதி ஃபோர்டு சான்றளித்தார். செனட்டர் மான்ஸ்ஃபீல்டு மறுப்புத் தீர்மானம் கொணர்ந்தார். ஜூலை 28-ல் அது 43-க்கு 53 என்னும் வாக்குகளால் தோற்றது. தடை நீங்கிற்று.

இத்தனை படிகளிலும் செலவு ஆராயப்பட்டது. சோவியத் கடற்படையின் பலம் ஆராயப்பட்டது. அத்தீவில் வாழ்ந்தவர்கள் யார் என்பது மட்டும் ஆராயப்படவில்லை. குடிகளற்ற தீவு என்றே காங்கிரஸுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையிலோ, அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கர், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்புகளில் உழைத்து வந்தனர். 1973-க்குள் தீவுக் கூட்டத்தின் மக்கள் அனைவரும் மொரீசியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அகற்றப்பட்டுவிட்டனர். வாக்கெடுப்பு முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின், 1975 செப்டம்பரில்தான், அமெரிக்கப் பத்திரிகையொன்று அவர்தம் அவலத்தை வெளியிட்டது. நவம்பரில் பிரதிநிதிகள் சபைக் குழு விசாரித்தது. அதற்குள் சட்டம் தன் பணியை முடித்திருந்தது.

பொதுப்பணம் அமானிதம் என்பதை அந்தச் சபைகள் அறிந்தே இருந்தன. ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்டன. ஆனால், சாட்சி சொல்ல அழைக்கப்படாதவனின் துயரம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. சாகோஸைப் பிரித்தது முறையன்று என அனைத்துலக நீதிமன்றம் தன் கருத்தை உரைக்க 2019-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அதற்குள் அம்மண்ணை விட்டுக் கப்பலேறியவர்களில் பலர் அதனை மீண்டும் காணாமலே கண் மூடிவிட்டனர்.