சுராங்கனி யாருடைய பாட்டு?

வாகரையில் இருந்து திருகோணமலைக்குச் சுற்றுலா போற பஸ் எதுவாக இருந்தாலும், கதிரவெளி வாறதுக்குள்ள யாராவது சுராங்கனியைத் தொடங்கிடுவாங்க. போனமுறை போகக்குள்ள பின்சீற்றில் இருந்த தம்பி ஒருத்தன், “இது இளையராஜா பாட்டு” என்டான். சாரதி அண்ணன் திரும்பாமலே சொன்னார்: “இல்லடா தம்பி, அது எங்கட ஆள்ர பாட்டு.” எந்த ஆள் என்டு கேட்டதுக்கு அவருக்கும் பெயர் தெரியல்ல.

அந்த ஆள் ஏ. ஈ. மனோகரன். எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் பொப் இசையில் கொடிகட்டிப் பறந்தவர். அவருக்கும் நித்தி கனகரத்தினத்துக்கும் முன்னால் எங்கட இளைஞர்களுக்கு மெல்லிசை என்றால் பெரும்பாலும் இந்தியச் சினிமாப் பாட்டுத்தான். இவர்கள் கிற்றாரோடு மேடையேறி மாமி, கள்ளுக்கடை, மீன் என்று நம்முடைய ஊர்க் கதைகளை நம்முடைய பேச்சிலேயே பாடினார்கள். இலங்கை வானொலி அதைக் கடல் தாண்டியும் கொண்டுபோனது.

அந்தத் துள்ளல் தாளம் பைலாவில் இருந்து வந்தது. பைலாவின் வேர் போர்த்துக்கேயர் காலத்து ஆட்டபாட்டங்களில் இருக்கிறது. அதைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலினோடு ஆடுகிற கபிரிஞ்ஞாவும் அதே குடும்பம்தான்.

சுராங்கனியில் சிங்களமும் தமிழும் கலந்திருக்கும். பல்லவியில் வருகிற சிங்களச் சொற்களுக்கு, மீன் கொண்டு வந்திருக்கிறது என்பதுதான் கருத்து. மீன்பிடி ஊர்ப் பிள்ளைகள் நாங்கள், மீன் பாட்டு என்று தெரியாமலே அதை இத்தனை வருசம் பாடியிருக்கிறோம்!

தம்பி சொன்னதும் முழுப் பிழை இல்லை. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில், இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் இந்தப் பாட்டைப் பாடினார். அதற்குப் பிறகு பலருக்கு அது சினிமாப் பாட்டு ஆகிவிட்டது. மனோகரன் 1978இல் செங்கை ஆழியானின் நாவலில் இருந்து எடுத்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார். பிறகு சென்னைக்குப் போய், ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் பல படங்களில் வில்லனாக வந்தார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். இங்கே யுத்தம் வந்தது. மேடைகள் வெறுமையாகின.

ஜப்பானியப் பாடகர் கியூ சகமோட்டோவின் கதை இதற்கு நேரெதிர். 1963இல் அவருடைய ஜப்பானிய மொழிப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அங்கே அதற்குப் பாட்டோடு சம்பந்தமே இல்லாத ‘சுகியாகி’ என்ற ஒரு சாப்பாட்டின் பெயரை வைத்தார்கள். பாட்டின் பெயர் தொலைந்தது, பாடியவர் பெயர் நின்றது. எங்களிடம் பாட்டின் பெயர் நிற்கிறது, பாடியவர் பெயர்தான் தொலைந்துகொண்டு போகிறது.

மனோகரன் 2018 ஜனவரி 22இல் சென்னையில் காலமானார். இரண்டு மொழியையும் ஒரே பாட்டுக்குள் வைத்தவர். இரண்டு மொழிக்காரரும் ஒருவரை ஒருவர் பயந்து நின்ற காலத்திலும் அந்தப் பாட்டை இரண்டு பக்கமும் பாடினார்கள். இதை எங்கட பாடப் புத்தகம் சொல்லித்தரவில்லை. அடுத்தமுறை பஸ்ஸில் பாட்டு முடிஞ்சதும், பாடினவர் பெயரையும் ஒருக்காச் சொல்லுங்க.