கையஸ் வில்லோசஸ்

கையஸ் வில்லோசஸ் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஒரு கதவுச் சிலந்தி இனம். இடியோபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. 1914இல் ரெயின்போ இதை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார். சிலந்திகளில் மிக நீண்ட ஆயுளாகப் பதிவானது இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் சிலந்தியுடையது.

வளை

பெண் சிலந்தி மண்ணில் வளை தோண்டி, உட்சுவரில் இழை பூசி, வாயில் திறந்து மூடும் மூடி அமைக்கிறது. வளையின் விளிம்பைச் சுற்றிச் சுள்ளிகளையும் சருகுகளையும் ஆரங்கள் போல ஒட்டிவைக்கிறது. அவற்றின் மேல் பூச்சி நடந்தால் அதிர்வு உள்ளே எட்டும்; காத்திருக்கும் சிலந்தி பாய்ந்து பிடித்துவிடும். வளைக்குள் காலுறை போன்ற ஓர் இழைப்பையும் உண்டு. பகை நுழைந்தால் சிலந்தி அதைக் கீழே இழுத்து மூடிக்கொள்கிறது. வந்த பகைக்கு வளை அங்கேயே முடிந்ததாகத் தோன்றும். சிலந்தி அந்தப் பொய்த்தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

வாழ்க்கை

தாயின் வளையை விட்டு வெளியேறும் குஞ்சுகள் பெரும்பாலும் அருகிலேயே தமக்கென வளை தோண்டிக்கொள்கின்றன. வளர வளர அதையே அகலப்படுத்துகின்றன. பருவமடைந்த ஆண், துணை தேடி வளையை விட்டு வெளியேறும். அதன்பின் நெடுநாள் வாழாது. பெண் ஆயுள் முழுவதும் ஒரே வளையில் தங்கும். வேறொரு சிலந்தி விட்டுச்சென்ற வளையில் குடியேறுவதில்லை.

ஆய்வு

ஆயுள் முழுவதும் ஒரே வளையில் தங்கும் இந்தப் பழக்கமே நீண்டகாலக் கணக்கெடுப்புக்கு வழிவகுத்தது. சிலந்தியியலாளர் பார்பரா யார்க் மெயின் 1974இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கு புங்குல்லா காப்பகத்தில் வளைகளின் அருகே எண்ணிட்ட உலோக முளைகளை நட்டு ஆய்வைத் தொடங்கினார். சிலந்தி வளை மாறுவதில்லை என்பதால், முளையின் எண்ணே சிலந்தியின் அடையாளமாயிற்று. அவற்றுள் '16ஆம் எண்' சிலந்தி 43 ஆண்டுகள் வாழ்ந்தது. 2016இல் ஆய்வாளர் லியாண்டா மேசன் அந்த வளையைப் பார்த்தபோது மூடி துளைக்கப்பட்டிருந்தது. உள்ளே சிலந்தி இல்லை. முதுமையால் அல்லாமல், ஒட்டுண்ணிக் குளவியின் தாக்குதலால் அது இறந்ததாக ஆய்வாளர்கள் கருதினர். 2018இல் இம்முடிவுகள் வெளியாயின. அதற்கு முன் அறியப்பட்ட மிக அதிக வயது, மெக்சிகோவின் டாரன்டுலா ஒன்றின் 28 ஆண்டுகள்.

வாழிடம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் இயற்கைப் புதர்க்காடுகளின் பெரும்பகுதி விளைநிலங்களுக்காக அழிக்கப்பட்டுவிட்டது. அங்கே எஞ்சிய காட்டுத் துண்டுகளே இச்சிலந்திக்குப் புகலிடம். குஞ்சுகள் தொலைவு செல்லாததால், ஒரு துண்டில் இந்த இனம் அற்றுப்போனால் விளைநிலங்களைத் தாண்டி வந்து அது மீண்டும் குடியேறுவது அரிது.