புகழ்ச்சியும் வாக்குச்சீட்டும்

1831இல் சிறைச்சாலைகளை ஆராய அமெரிக்கா போன பிரெஞ்சுக்காரர் அலெக்சி தெ தொக்வில், அந்நாட்டின் வளர்ச்சிக்குக் காரணம் அதன் பெண்களின் மேன்மையே என்று 1840இல் எழுதினார். அவர்கள் இல்லறத்துக்குள் அடங்கியிருப்பதையும் அதே நூலில் மெச்சினார். 1848இல் செனக்கா ஃபால்ஸில் கூடிய அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை கேட்டார்கள். அதே ஆண்டு பிரான்ஸ் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது, பெண்களுக்கு 1944இல்தான்.

மண்டபத்தூரிலிருந்து இதைப் படிக்கிறேன். 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எல்லைக்கு அப்பால் பொறையாறு, தரங்கம்பாடி; அது சென்னை மாகாணம். அங்கே சொத்துள்ள பெண்கள் 1921இலேயே வாக்குரிமை பெற்றார்கள். சமத்துவம் பேசிய குடியரசின் கீழிருந்த எங்கள் பாட்டிமாரோ காத்திருந்தார்கள். அமெரிக்காவிலும் 1920இல் சட்டத் திருத்தம் வந்த பின்னும், தென்மாநிலக் கறுப்பினப் பெண்கள் பலர் 1965 வரை தடுக்கப்பட்டார்கள்.

பெண்ணைப் புகழ்வது வேறு, அவள் கையில் வாக்குச்சீட்டைக் கொடுப்பது வேறு.