பேட்ரிக் கெடிசும் இந்திய நகரங்களில் மக்கள் பங்கேற்பும்

பேட்ரிக் கெடிஸ் (1854–1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளர், சமூகவியலாளர், நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவர். 1914இல் இந்தியா வந்த இவர் தஞ்சாவூர், மதுரை, பல்ராம்பூர், இந்தூர் உள்ளிட்ட பல ஊர்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். ஓர் ஊரைத் திருத்த முனைபவர் முதலில் அந்த ஊரையும் அதில் வாழ்பவர்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய அடிப்படைக் கொள்கை. ஊரின் எதிர்காலத்தை முடிவு செய்வதில் குடியிருப்போருக்கு இடம் உண்டு என்ற கருத்தின் வரலாற்றில் அவருடைய இந்தியப் பணிக்குத் தனியிடம் உண்டு.

பின்னணி

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய ஆங்கில அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. நெரிசலான பகுதிகளை இடித்து, அகலமான நேர்த்தெருக்களை அமைப்பது இத்தகைய அமைப்புகளின் வழக்கமான முறையாக இருந்தது. வீடு இழந்த ஏழைகள் தொழிலைவிட்டு வெகுதூரம் செல்ல இயலாமல் அருகிலிருந்த சந்துகளுக்கே குடிபெயர்ந்தனர். இதனால் ஓரிடத்தில் குறைந்த நெரிசல் மற்றோரிடத்தில் கூடியது. வரைபடத்தோடு தெருவுக்குள் வரும் அதிகாரியைக் கண்டாலே மக்கள் அஞ்சும் நிலை உருவானது.

கெடிசின் வருகை

நகரங்களைப் பற்றிய தம் கண்காட்சியை இந்தியாவில் நடத்த வருமாறு சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு கெடிசை அழைத்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. அதே எம்டன்தான் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. பிரிட்டனிலிருந்த நண்பர்கள் புதிதாகப் படங்களையும் வரைபடங்களையும் திரட்டி அனுப்பினர். 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது.

இந்தியா வருவதற்கு முன்பே எடின்பரோவின் பழைய நகரில் இம்முறையை அவர் செய்து பார்த்திருந்தார். 1886இல் திருமணமான பிறகு மனைவி அன்னாவுடன் அங்கிருந்த பழுதடைந்த குடியிருப்பு ஒன்றில் குடியேறி, அண்டை வீட்டாருடன் சேர்ந்து வீடுகளைப் பழுதுபார்த்தார், தோட்டங்கள் அமைத்தார்.

காக்கும் அறுவை முறை

உடம்பை ஆராயாமல் கத்தியை எடுக்கும் மருத்துவர் இல்லை. ஊருக்கும் அதுவே பொருந்தும் என்றார் கெடிஸ். முதலில் தெருத்தெருவாக நடந்து, எந்த வீடு உறுதியானது, எது பாழடைந்தது, கிணறும் கோயிலும் மரமும் எங்குள்ளன, மக்கள் எங்கே கூடுகின்றனர் என்பவற்றைக் குறிக்க வேண்டும். பிறகு இடிந்து கிடப்பவற்றை மட்டும் அகற்றி, அந்த வெற்றிடங்களை இணைத்து, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்ய வேண்டும். இதையே அவர் 'காக்கும் அறுவை' என்ற பொருளில் குறிப்பிட்டார்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நெரிசலைப் போக்க அப்பகுதியின் ஊடே நேர்த்தெருக்களை வெட்டும் திட்டம் ஒன்று இருந்தது. அது பல குடும்பங்களை வீடற்றவர்களாக்கும் என்பதைக் கெடிஸ் எடுத்துக்காட்டினார். பழைய சந்துகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, சில இடங்களை மட்டும் விரிவாக்கி மரம் நடும் மாற்றுத் திட்டத்தை அவர் முன்வைத்தார். இம்முறையில் செலவும் குறைவு, இடம்பெயர்வோரும் குறைவு.

குளங்களைப் பற்றியும் அவர் இவ்வாறே எண்ணினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்தார். மீன்களும் வாத்துகளும் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். குளமோ ஊருக்கு நீரையும் குளிர்ச்சியையும் தரும் என்பது அவர் வாதம்.

இந்தூர் தீபாவளி

இந்தூரில் நடந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறும் நிகழ்ச்சி மிகவும் அறியப்பட்டது. முதல் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் அங்கு கொள்ளைநோய் அச்சம் நிலவியது. தெருக்களை ஆராய்ந்த கெடிசை மக்கள் ஐயத்தோடு பார்த்தனர். அவர் ஹோல்கர் மன்னரின் இசைவோடு தீபாவளி ஊர்வலத்தைத் தாமே நடத்த முன்வந்தார். ஊர்வலம் வழக்கமான தெருக்கள் வழியே செல்லாது, எத்தெருவில் வீடுகள் நன்கு துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ அத்தெரு வழியே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது.

உடனே தெருக்களுக்கிடையே போட்டி எழுந்தது. மக்கள் வீடுகளைப் பழுதுபார்த்து வெள்ளையடித்தனர். வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அழுக்கை ஓர் அரக்கனாகவும் கொள்ளைநோயைப் பெரிய எலியாகவும் உருவமைத்து, இறுதியில் எரித்தனர். துப்புரவுத் தொழிலாளர்களும் அவ்வூர்வலத்தில் சிறப்பிக்கப்பட்டனர். ஆணையால் நடவாத வேலை, மக்கள் அறிந்த திருவிழாவின் வழியாக நடந்தது. இந்தூர் பற்றிய அவருடைய விரிவான அறிக்கை 1918இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

வரம்புகள்

கெடிசின் முறையில் மக்களுக்குப் பங்கு இருந்ததே தவிர அதிகாரம் இல்லை. ஆய்வு செய்தவர் அவர். ஒப்புதல் அளித்தவர் மன்னரோ மாவட்ட நிருவாகமோ. திட்டத்தை ஏற்கவோ மறுக்கவோ குடியிருப்போரிடம் வாக்கு இல்லை. அவருடைய பரிந்துரைகளில் பலவும் ஏட்டளவிலேயே நின்றன. ஆயினும், ஒரு வீட்டை இடிக்கும் முன் அதில் வாழ்பவர் எங்கே போவார் என்ற கேள்வியைத் திட்டத்தின் முதல் கேள்வியாக்கினார்.

பிற்கால வளர்ச்சி

சென்னை மாகாணத்தில் 1920இல் நகரத் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின், 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்கு உறுதியான அடித்தளம் அமைத்தன. ஊராட்சிகளில் வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபைக்கு வழி பிறந்தது. நகர்ப்புறங்களிலோ மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சி அமைப்புகளுக்கு மட்டுமே வார்டு குழுக்கள் கட்டாயமாக்கப்பட்டன. இதனால் கிராமமும் அல்லாத, பெருநகரமும் அல்லாத சிற்றூர்களின் மக்களே நேரடிப் பங்கேற்பில் பின்தங்கினர். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டது இக்குறையைப் போக்கும் திசையில் ஒரு படியாகும்.

கூட்டம் கூட்டுவதால் மட்டும் பங்கேற்பு முழுமை பெறுவதில்லை. சாலை, வடிகால், குளம், சந்தை ஆகியவை பற்றி மக்கள் சொல்வது திட்டம் உறுதியாவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும். கேட்டது திட்டத்தில் இடம்பெற வேண்டும். கெடிஸ் தொடங்கிவைத்த தெருவழி ஆய்வும், அவர் காலத்தில் இல்லாத மக்களின் வாக்குரிமையும் ஒன்றுசேரும்போதுதான் ஊரின் எதிர்காலம் ஊராருடையதாகும்.