அமெச்சூர் என்றால் யார்? - குதிரை ஏறியவர்களின் கதை

எங்கள் பக்கம் கபடிப் போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டினால் அதில் 'அமெச்சூர்' என்ற சொல் எப்படியும் வந்துவிடும். தமிழ்நாடு மாநில அமெச்சூர் கபடிக் கழகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். காசுக்காக ஆடாமல் ஆசைக்காக ஆடுபவர் என்று அதற்கு அர்த்தம். கேட்க நல்ல சொல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லை வைத்து யார் யாரையெல்லாம் மைதானத்துக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் கசப்பாக இருக்கிறது. அதிலும் குதிரை விளையாட்டில் நடந்தது தனிக்கதை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

மண்டைக்காட்டுக்காரனுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்! கடலும் மணலும் தென்னையும் உள்ள இடம் இது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. அந்த ராஜ்ஜியத்தின் தலைநகரில், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரமாளிகை இருக்கிறது. கூரையைத் தாங்குவதுபோல் 122 மரக்குதிரைகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். குதிரை ராஜாவின் பொருள், அதிகாரியின் பொருள். சாதாரண ஜனங்கள் அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில்தான் சாணார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடினார்கள். 1859-ல்தான் அதற்கு அனுமதி வந்தது. அதற்கு முன் அந்தச் சாதியார் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பொன் நகை அணியக்கூடாது. தெருவில் எப்படிப் போகவேண்டும் என்பதுகூட அடுத்தவன் தீர்மானிக்கும் விஷயம். வெங்ஙானூர் அய்யன்காளி 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கி, அதில் ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு கலகமாக வரலாற்றில் பதிந்திருக்கிறது. வெறும் மாட்டுவண்டிச் சவாரி! மண்டைக்காட்டிலிருந்து கிழக்கே போனால் சுவாமிதோப்பு. அங்கே திருவிழாவின் எட்டாம் நாள் அய்யா வைகுண்டர் வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்குப் போவார். குடை பிடிக்கக்கூட அனுமதியில்லாத ஜனங்கள் தங்கள் அய்யாவைக் குதிரைமேல் வைத்துப் பார்த்தார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

ஷோ ஜம்பிங் எனப்படும் தடை தாண்டும் போட்டியின் வேர் வேட்டையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் பொதுநிலங்களை வேலி போட்டு அடைக்க ஆரம்பித்தார்கள். நரி வேட்டைக்குப் போன கனவான்கள் இனி வேலியைத் தாண்டித்தான் போகவேண்டும். (நிலத்தை இழந்த குடியானவன் என்ன ஆனான் என்பது வேறு பதிவுக்கான விஷயம்.) தாண்டத் தெரிந்த குதிரைக்கு விலை கூடியது. அதைச் சோதித்துப் பார்க்க 1868-ல் டப்ளின் குதிரைக் கண்காட்சியில் தாண்டும் போட்டி வைத்தார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல் எல்லாம் குதிரைகளுக்கும் இருந்தன. உயரத்தில் 1.85 மீட்டர், நீளத்தில் 6.10 மீட்டர். பிற்பாடு, 1949-ல் சிலி நாட்டின் கேப்டன் லாராகிபெல் உவாசோ என்ற குதிரையில் 2.47 மீட்டர் தாண்டினார். பந்தயத்தில் தேறாமல் கழித்துக்கட்டப்பட்ட குதிரை அது. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

இதில் ஒரு இத்தாலியரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபெடரிகோ காப்ரில்லி என்ற குதிரைப்படை அதிகாரி. அவருக்கு முன்பெல்லாம் குதிரை தாண்டும்போது சவாரி செய்பவர் உடம்பைப் பின்னால் சாய்த்துக் கடிவாளத்தை இழுப்பார். குதிரையின் வாயும் முதுகும் படாத பாடு படும். காப்ரில்லி, குதிரை தானாகத் தாண்டுவதைக் கவனித்தார். கழுத்தை நீட்ட இடம் கொடு, நீ முன்னால் குனிந்துகொள், அதன் முதுகை விட்டு எழுந்துகொள் என்றார். இன்று டிவியில் நீங்கள் பார்க்கும் எல்லா வீரர்களும் அவர் சொன்னபடிதான் தாண்டுகிறார்கள். 1907-ல் குதிரையிலிருந்து விழுந்துதான் அவர் இறந்தார் என்பது விதியின் விளையாட்டு.

விதிகள் எளிமையானவை. கம்பங்கள் ஆழமில்லாத கிண்ணங்களில் சும்மா வைக்கப்பட்டிருக்கும். குளம்பு பட்டாலே உருண்டு விழும். ஒரு கம்பம் விழுந்தால் நான்கு தப்புப் புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் நான்கு. ஒலிம்பிக்ஸ் தடைகள் 1.65 மீட்டர் வரை உயரும்.

இன்னொரு வகை, குதிரையை நடுவர்முன் நடத்திக் காட்டும் போட்டி. கால் நேராக இருக்கிறதா, நடை எப்படி, குணம் எப்படி என்று மார்க் போடுவார்கள். இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கவேண்டாம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கத்தியவார், மார்வாரி என்று ஜாதிக் குதிரைகள் வரும். வாங்குபவர் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார், சுழி பார்ப்பார், ஓடவிட்டுப் பார்ப்பார். மேளத்துக்கு ஆடும் குதிரைகளும் உண்டு. மார்க் அட்டை மட்டும்தான் இல்லை. நல்ல குதிரைக்கு ஆசைப்படுவது நம் மண்ணில் பழைய வியாதி. மாணிக்கவாசகர் அரசன் கொடுத்த பொன்னோடு எதற்குப் புறப்பட்டார்? குதிரை வாங்கத்தானே! பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போனதையும் மார்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது அந்த அமெச்சூர் விவகாரம்.

1921-ல் சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் உருவானது. அதன் விதிப்படி ஒலிம்பிக்ஸில் இரண்டே வகை ஆட்கள்தான் குதிரை ஏறலாம். ஒன்று, கமிஷன் பெற்ற ராணுவ அதிகாரி. இரண்டு, காசுக்காகச் சவாரி செய்யாத கனவான். சார்ஜென்ட், சிப்பாய் எல்லாம் 'தொழில்முறை' ஆட்கள். ஏனென்றால் அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு குதிரையைப் பழக்குகிறார்களாம். அதிகாரியும் அதே அரசாங்கத்திடம், அதைவிட அதிகமாகச் சம்பளம் வாங்குகிறாரே என்று யாரும் கேட்கவில்லை. பெண்களுக்கு இடமே இல்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் டிரெஸ்ஸாஜ் (குதிரையைத் தாளத்துக்கு நடத்திக் காட்டும் போட்டி) அணிப் பிரிவில் ஸ்வீடன் தங்கம் வென்றது. அணியில் மூன்று பேர். அதில் யெனல் பெர்சன் என்பவர் உண்மையில் சார்ஜென்ட் நிலை ஆள். விதியைச் சமாளிக்க ஸ்வீடன் ராணுவம் போட்டிக்குச் சில வாரங்களுக்குமுன் அவரை லெப்டினென்ட் ஆக்கியது. போட்டி முடிந்ததும் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டது. விஷயம் வெளியே வந்தது. 1949-ல் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். தங்கம் பிரான்சுக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள். பெர்சன் மோசமாகச் சவாரி செய்தாரா? இல்லை. மருந்து கொடுத்தாரா? இல்லை. தோளில் இருந்த பட்டை இரவல் பட்டை, அதுதான் குற்றம். குளத்தில் குளித்ததற்காக ஒருவனை அடித்தார்கள் என்றால் தண்ணீர் அழுக்கானதால் அல்லவே.

இந்த அவமானமே விதியை மாற்ற உதவியது. 1952 ஹெல்சின்கியில் சார்ஜென்ட்களுக்கும் அனுமதி கிடைத்தது, டிரெஸ்ஸாஜில் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஸ்வீடன் அதே மூன்று பேரை அனுப்பியது. தங்கம்! 1956-லும் அதே மூவர், மறுபடி தங்கம். ஹெல்சின்கியில் தனிநபர் வெள்ளி வாங்கியவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944-ல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண் அவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் மற்றவர்கள் உதவவேண்டும். ஏறிவிட்டாலோ ஆண்களோடு சரிசமமாக நின்றார். தடை தாண்டுதலில் பெண்கள் வர 1956 ஆனது.

இந்தியாவுக்கு வருவோம். சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை ஒன்றாகச் சேர்த்து 1953-ல் 61-வது குதிரைப்படை உருவானது. நம் நாட்டில் இந்த விளையாட்டு நெடுங்காலம் ராணுவத்தின் கையில்தான் இருந்தது. குதிரை, லாயம், தீவனம், வைத்தியர் எல்லாம் அங்கேதான் இருந்தன.

1982 என்றால் மண்டைக்காட்டில் யாருக்கும் அந்த மாசிக்கொடைச் சமயத்துக் கலவரம்தான் முதலில் ஞாபகம் வரும். அதே வருஷம் நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டு. குதிரையேற்றம் முதல்முறையாக ஆசியப் போட்டியில் சேர்க்கப்பட்டது. தனிநபர் தடை தாண்டுதலில் தங்கம் வென்றது குவைத்தைச் சேர்ந்த நாடியா அல் முதாவா என்ற பெண். ஈவெண்டிங் என்பது டிரெஸ்ஸாஜ், காட்டு மேட்டு ஓட்டம், தடை தாண்டுதல் மூன்றும் சேர்ந்தது. அதில் முதல் மூன்று இடமும் இந்தியாவுக்கு. ரகுபீர் சிங் தங்கம், குலாம் முகமது கான் வெள்ளி, பிரகலாத் சிங் வெண்கலம். அணித் தங்கமும் நமக்கே.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ரகுபீர் சிங்கின் பதவியை. அவர் 61-வது குதிரைப்படையில் டபேதார். டபேதார் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் சிவப்புப் பட்டையோடு நிற்பவர் நினைவுக்கு வருவார். குதிரைப்படையில் அது காலாட்படை ஹவில்தாருக்குச் சமம், அதாவது சார்ஜென்ட். பெர்சனுக்கு இருந்த அதே நிலை. 1948 விதி நீடித்திருந்தால் இவர் ஷாஜாதா என்ற அந்தக் குதிரையை லாயத்தில் தேய்த்துக் கொடுத்திருப்பார், வேறொரு அதிகாரி ஏறியிருப்பார். இவருக்குப் பின்னால் வெள்ளி வாங்கிய கான் ஒரு அதிகாரி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரகுபீருக்கு அர்ஜுனா விருதும் 1983-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. வட இந்தியாவில் மாப்பிள்ளை குதிரை ஏறி ஊர்வலம் போனதற்காக தலித் குடும்பங்களை அடித்த செய்திகள் இன்றும் பேப்பரில் வருவதை நினைத்தால், அந்த டபேதாரின் தங்கம் எனக்கு இன்னும் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது.

ராணுவத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களின் காலம் பிறகு தொடங்கியது. மும்பையின் இம்தியாஸ் அனீஸ் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் 23-வது இடம். பெங்களூரின் ஃபவாத் மிர்ஸா 2018 ஜகார்த்தாவில் தனிநபர் வெள்ளி, 36 வருஷத்துக்குப்பின் வந்த தனிநபர் பதக்கம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அவர் தடை தாண்டும் இறுதிச் சுற்றுவரை போய் 23-வது இடம் பிடித்தார். 2023-ல் ஹாங்சௌவில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கினார்கள். நால்வரில் இருவர் பெண்கள்.

இவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் தங்கி, அங்கேயே குதிரை வைத்துப் பயின்றவர்கள். அதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. நோய்க் கட்டுப்பாட்டு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. 2025 ஜூலையில்தான் மீரட் ராணுவ முகாமில் உள்ள கால்நடைப் படை மையத்தை நோயற்ற குதிரைப் பகுதியாக உலக விலங்கு நல அமைப்பு அங்கீகரித்தது. அதுவரை ஜெர்மனியில் ஒரு குதிரையும் லாயமும் வைத்துக்கொள்ள முடிந்தவருக்குத்தான் ஒலிம்பிக்ஸ் வாசல் பக்கத்தில் இருந்தது. சம்பளத்தில் வாழும் ஒரு டபேதாருக்கு அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.