காலிக் கட்டமும் சுழியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், படிவத்தில் எழுத ஒன்றும் இல்லாத கட்டத்தில் 'நேயான்' என்று எழுதப் பழக்கினார்கள். 'இல்லை' என்று பொருள். சென்னையில் குமாஸ்தா ஆனபோது அதுவே 'நில்' ஆயிற்று. காலியாக விட்டால் ஃபைல் திரும்பி வந்துவிடும். இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு அல்லவா?

2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கணினியில் கணித்துச் சொன்னது.

இந்த வேலைக்கு அமெரிக்காவின் நோவா அமைப்பு உருவாக்கிய 'நோம்' என்ற மென்பொருள் உண்டு. காற்று எண்ணெயை எவ்வளவு தள்ளும் என்று நாம் சொல்லாவிட்டால், காற்றின் வேகத்தில் 1 முதல் 4 சதவீதம் என்று அதுவே வைத்துக்கொள்ளும். அனுபவத்தில் கண்ட கணக்கு அது, தவறில்லை.

ஆனால் கசிந்த அளவுக்கு அப்படி ஓர் அனுபவக் கணக்கு கிடையாது. அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இங்கோ முதலில் கசிவே இல்லை என்றார்கள். பிறகு கணக்கு 100 டன்னைத் தாண்டியது. அதற்குள் எர்ணாவூர் கரையில் ஆட்கள் வாளி வாளியாகக் கருப்புக் குழம்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தெரியாத கட்டத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள். சுழி போட்டுவிடாதீர்கள்.